எல்லாவற்றையும் கழுவிவிட்ட காலை

அன்று நான் கண் விழித்தபோது வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தார்கள். தலை கனத்தது, நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, முந்தைய இரவு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்பது நினைவில் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்தவுடன் எல்லோரும் எதைச் செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். கழிப்பறைக்குப் போனேன், பல் துலக்கினேன், தலைக்குக் குளித்தேன். நான் குளித்து வருவதற்குள், முந்தானையில் வாந்தி பட்டிருந்த என் பட்டுப்புடவையை அம்மா இரண்டு தண்ணீரில் அலசிக் கொல்லைக் கொடியில் காயப் போட்டுவிட்டார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது மணி ஆறே முக்கால். எனக்கு யாரோ எதையோ கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தை அண்ணி வாய்விட்டுச் சொன்னது அதற்குப் பிறகுதான். அதற்குள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கக் கூடியவற்றில் பெரும்பகுதி வெட்டாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லைச் சாக்கடையோடு போய்விட்டிருந்தது.

சென்ற ஆண்டு தை மாதத்தில், கும்பகோணத்தில் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவு; தட்டை நீட்டுகிறவர் பந்தி விசாரிப்பவரா, பெண் வீட்டாரா, மாப்பிள்ளையின் நண்பரா என்று கேட்பது அதைவிடப் பெரிய மரியாதைக் குறைவு. ஆகவே ஒருவர் நீட்டிய திராட்சைச் சாற்றை வாங்கி இரண்டு வாய் குடித்தேன். மேடையில் படம் எடுக்க அழைத்தார்கள் என்று பேப்பர் கப்பை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வர இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். வந்து மிச்சத்தைக் குடித்தேன். ருசியில் ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று பின்னால் கேட்காதவர்கள் இல்லை. தெரியவில்லை. சர்க்கரை தூக்கலாக, எசென்ஸ் மணக்கக் கலக்கப்பட்ட கல்யாண மண்டபத்துச் சாற்றில் வேப்பிலையை அரைத்து விட்டாலும் பாதிப் பேருக்குத் தெரியாது என்பதே என் அபிப்பிராயம்.

அதன்பின் நினைவில் இருப்பவை இரண்டே. நடவு வயலில் நடப்பதைப்போல ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் தண்ணீர் கேட்க நினைத்தும் அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. மற்றவை எல்லாம் அண்ணி சொல்லித் தெரிந்தவை. சாப்பாட்டுக் கூடத்துப் படியிலிருந்து இறங்கிய அவர், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் முழங்கையைப் பிடித்து வெளிவாசல் பக்கம் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறார். நானும் பேசிக்கொண்டேதான் நடந்திருக்கிறேன். கையில் தேங்காயோடு தாம்பூலப் பைகூட இருந்திருக்கிறது. "இவ எங்க வீட்டுப் பொண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று அண்ணி சொன்னதும் அந்த ஆள் ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டிகள் நிற்கும் பக்கம் போய்விட்டாராம். காரில் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். இரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என்று நினைத்து அவர்கள் என்னைப் படுக்கவைத்திருக்கிறார்கள்.

நடந்தேன், பேசினேன், ஆனால் நினைவில்லை என்பதை வீட்டில் பாதிப் பேர் நம்பவில்லை. "மயக்கம்னா விழுந்திருக்கணுமே" என்றார் அத்தை. லோராசெபம், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வகைகள் ஆளை உடனே சாய்ப்பதற்கு முன்பே நினைவு பதியும் வேலையை நிறுத்திவிடக்கூடியவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மிடசோலம் என்ற மருந்தைச் சில சிகிச்சைகளுக்கு முன்னால் மருத்துவர்களே ஊசியாகப் போடுகிறார்கள். நோயாளி விழித்திருந்து கேட்டதற்குப் பதில் சொல்வார், பிறகு எதுவும் அவருக்கு நினைவிருக்காது. எனவே "அவள் சிரித்துக்கொண்டுதானே கூடப் போனாள்" என்ற சாட்சியத்துக்குப் பொருளே இல்லை. பதியாத நினைவை யோசித்து யோசித்து வரவழைக்கவும் முடியாது. நான் ஒரு மாதம் முயன்றேன். முயற்சியில் உருவானவை எல்லாம் அண்ணி சொன்னதிலிருந்து நானாகவே வரைந்துகொண்ட படங்கள் என்று புரிந்தபோது நிறுத்திவிட்டேன். விசாரணையிலும் தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாத இடத்தில் தெரியாது என்று நிறுத்திக்கொண்டதுதான் என் வாக்குமூலத்தைக் காப்பாற்றியது.

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதும் அன்று. மீட்டர் கேஜ் காலத்தில் மாயவரத்துக்கு வந்துகொண்டிருந்த என் பெரியப்பா, எதிர் இருக்கைக் குடும்பம் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்து, மோதிரத்தையும் பெட்டியையும் இழந்து, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்க் கிடந்தார். குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நடைமேடையில் இருந்தவர்கள் ஒதுங்கிப் போனார்களாம்; வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்க்காதவர் அவர். இரண்டு நாள் வாய் வறண்டு, கண்மணிகள் விரிந்து, போர்வையில் இல்லாத நூலைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்ததைப் பெரியம்மா இன்றும் நடித்துக் காட்டுவார். அது ஊமத்தையின் குறி. அதிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபோலமினும் வாயை உலர்த்தி, நாடித்துடிப்பை ஏற்றி, பார்வையை மங்கவைத்து, புத்தியைக் குழப்பிவிடுகின்றன. வழிப்போக்கர்களுக்குக் கொடுத்துக் கொள்ளையடிக்கும் வழக்கம் காரணமாகவே இந்தியத் தடய மருத்துவப் பாடநூல்கள் ஊமத்தையைச் சாலையோர விஷம் என்று குறிப்பிடுகின்றன. பெரியப்பா புகார் கொடுக்கவில்லை. ஏமாந்ததை வெளியில் சொல்ல வெட்கம்.

எனக்கு அன்று பகல் பதினொரு மணி வரை நடந்தது ஒரு குடும்ப ஆலோசனை. கொடுத்தது யார், நீ ஏன் வாங்கினாய், கப்பை ஏன் வைத்துவிட்டுப் போனாய், பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், முகூர்த்தம் முடியும்வரை பேசாமல் இருந்தால் என்ன என்று கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்தன. எத்தனை மணிக்குக் குடித்தாய், அதற்குப் பிறகு சிறுநீர் கழித்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. நகை போகவில்லை, உடம்பில் காயமில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை என்பது பெரியவர்களின் முடிவு. மதியம் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். யாராவது கலந்திருப்பார்களோ என்று அண்ணி கேட்டதும் அங்கிருந்த மருத்துவர், அது போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மாலை ஏழு மணி. குடித்து இருபத்திரண்டரை மணி நேரம்.

பணியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தி, அந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்டார். காலையிலிருந்து நான்கு முறை போயாயிற்று என்றேன். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். உடனே சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம், கண்மணி, ஈ.சி.ஜி. எல்லாவற்றையும் பார்த்தார். சர்க்கரை இறங்கினாலும், வலிப்பு வந்து அடங்கினாலும், தலையில் அடிபட்டிருந்தாலும், பக்கவாதத்தின் தொடக்கமாக இருந்தாலும்கூட இதே தள்ளாட்டமும் குழறலும் வரலாம் என்பதால், கலந்தார்களா இல்லையா என்பது உறுதியாகாவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு ஓர் ஆறுதலாக இருந்தது. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார். சளிக்கு வரவேற்பு நாளன்று காலை ஒரு செட்டிரிசின் போட்டிருந்தேன். அதுவும் தூக்கம் தரக்கூடியது. சொன்னால் என் சந்தேகத்தையே தள்ளிவிடுவார்களோ என்று ஒரு கணம் தயங்கிவிட்டுச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். சந்தேகத்தை நிரூபிப்பது நோயாளியின் வேலை இல்லை, பார்த்ததை மறைக்காமல் சொல்வது மட்டுமே அவர் வேலை என்று அன்று புரிந்தது.

சிறுநீரும் இரண்டு குப்பிகளில் இரத்தமும் எடுத்தார்கள். ஒரு குப்பியில் சோடியம் ஃபுளோரைடு போட்டிருந்தது. இரத்தம் கெட்டு அதற்குள் புதிதாக ஆல்கஹால் உண்டாகாமல் இருக்க அது தேவையாம். நேரக் கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜி.எச்.பி. என்ற மயக்க மருந்து இரத்தத்தில் ஏழெட்டு மணி நேரத்திலும், சிறுநீரில் ஏறத்தாழ 12 மணி நேரத்திலும் மறைந்துவிடும். மதுவும் அரை நாளில் பெரும்பாலும் போய்விடும். தூக்க மாத்திரை வகைகள் சிறுநீரில் சில நாட்கள் தங்கும். ஆனால் அளவும் வகையும் பொறுத்து நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் சம்பவத்துக்குப் பிந்தைய முதல் சிறுநீருக்கு அவ்வளவு மதிப்பு. எல்லாக் கெடுவும் தாண்டிவிட்டாலும் ஒரு வழி உண்டு: தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், நான்கு வாரம் கழித்து வேரை ஒட்டி வெட்டிய முடியில் சில மருந்துகளின் தடயத்தைத் தேடலாம். அதற்கான வசதி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது.

என் அறிக்கை வர மாதங்கள் ஆயின. "கண்டறியப்படவில்லை" என்று ஒரே வரி. அதைப் படித்த உறவினர்கள், பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்றார்கள். கண்டறியப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகாது. மருத்துவமனைகளில் செய்யும் சாதாரணச் சிறுநீர்ப் பட்டைச் சோதனை லோராசெபத்தையும் குளோனசெபத்தையும் அடிக்கடி தவறவிடும், கீட்டமின் என்ற மயக்க மருந்து, ஜி.எச்.பி. போன்றவற்றை அது பெரும்பாலும் தேடுவதே இல்லை. தடய அறிவியல் ஆய்வகத்தின் நுண்கருவிகள் அவற்றைப் பிடிக்கும், ஆனால் மாதிரி உரிய நேரத்தில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நடந்தது உண்மையிலேயே என்ன என்பது இனி தெரியப்போவதில்லை. அந்தத் தெரியாமையோடுதான் இருக்கிறேன், அது பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

காவல்துறைப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் புதுமை இல்லை. மருத்துவமனையில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு போட்டவுடன் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. வந்த காவலர், எதுவும் திருடு போகவில்லையே, மண்டபமும் எங்கள் எல்லையில் இல்லையே என்றார். பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவு, தீங்கு செய்யவோ குற்றம் புரியவோ அதற்கு வழிசெய்யவோ எண்ணி, மயக்கமூட்டும் பொருளை ஒருவரை உட்கொள்ளச் செய்வதையே தண்டிக்கிறது. 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருட்டு நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை. முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 328ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் எண் மாறியது. எல்லைப் பேச்சுக்கும் இடமில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு அவர்கள் உரிய நிலையத்துக்கு மாற்றிக்கொள்வார்கள். வக்கீல் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா இதைப் பணிவாகவே எடுத்துச் சொன்னார். அன்றிரவு புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும், மூன்று நாள் கழித்து எஃப்.ஐ.ஆர். நகலும் கிடைத்தன. ஏ.ஆர். காப்பியை அதே நாளில் கேட்டு வாங்கிக்கொண்டதுதான் நாங்கள் அன்று செய்த ஒரே புத்திசாலித்தனம்.

கப் குப்பையோடு போயிருந்தது. மண்டபத்து கேமராப் பதிவு, நாங்கள் கேட்டுப் போவதற்குள் மேலெழுதப்பட்டிருந்தது. யாருக்கும் தோன்றாத ஒன்று அண்ணிக்குத் தோன்றியது: கல்யாண வீடியோக்காரர். ஆல்பத்துக்காக வெட்டித் தொகுப்பதற்கு முந்தைய மூலப் பதிவில் கூட்டத்தை வளைத்து வளைத்து எடுத்த காட்சிகள் இருக்கும். வேலை முடிந்ததும் கார்டை அழித்துவிடுவார்கள். அவரிடம் கெஞ்சி வாங்கியதில் முகங்கள் எதுவும் பயன்படவில்லை, ஆனால் நான் கப்பைக் குனிந்து எடுப்பது எட்டு இருபத்தெட்டுக்கு என்பது பதிவாகியிருந்தது. என் கைபேசியிலும் எனக்கு நினைவே இல்லாத ஓர் அழைப்பு இருந்தது: எட்டு ஐம்பத்தொன்றுக்கு அண்ணிக்கு, பதினொரு விநாடி. கூட்டத்துச் சத்தத்தில் அண்ணிக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். என்ன என்று பார்க்கத்தான் படியிறங்கி வந்திருக்கிறார். எதைச் சொல்ல அழைத்தேனோ தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு, பக்கத்தில் ஒருவர் திடீரென்று குழறினாலோ தள்ளாடினாலோ நான் பார்ப்பது முதலில் மூச்சை. எழுப்பினால் எழாதவரையும், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறவரையும் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். தனியே விடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் ஒன்றாகச் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடக்கூடும், அதனால் தூங்கி எழட்டும் என்ற எங்கள் வீட்டுத் தீர்மானம் ஆபத்தானது. உப்புத் தண்ணீரும் புளிக்கரைசலும் மோரும் எலுமிச்சைச் சாறும் நம் பக்கத்தில் உடனே வந்துவிடும். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகலாம். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பதும் அப்படித்தான். மிச்சமிருக்கும் பானத்தைக் கொட்டாமல் மூடியோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வாந்தி பட்ட துணியை அலசாமல், நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக்கில் போடாமல் காகிதப் பையில் போட வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் நேரங்களை எழுத வேண்டும். மருத்துவமனைக்கு நேரமாகும் என்றால் முதல் சிறுநீரைச் சுத்தமான, மூடியுள்ள பாட்டிலில் பிடித்து நேரம் எழுதிக் குளிரில் வைத்துக் கொண்டுபோகலாம்; நீதிமன்றத்தில் அதற்கு மருத்துவமனையில் எடுத்த மாதிரியின் பலம் இருக்காது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

நினைவில்லாத நேரத்தில் உடலுக்கு என்ன நடந்தது என்ற அச்சம் இருந்தால், பரிசோதனை முடியும்வரை குளிக்காமல் இருப்பது முக்கியம். குளித்துவிட்டிருந்தாலும் போகாமல் இருந்துவிடக் கூடாது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 96 மணி நேரம் வரை தடயம் சேகரிக்கச் சொல்கிறது. கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். தடுப்பு மருந்தை 28 நாள் சாப்பிட வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும், மறுப்பது குற்றம். இரு விரல் சோதனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. பரிசோதனைக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் அந்தப் பெண்ணின் உரிமை. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் 181ஐ அழைத்தால் மாவட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள்.

ஆண்கள் இதைப் படித்துவிட்டுப் பெண்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிறர் பானத்தில் கலக்கப்படும் பொருள்களில் மதுதான் மிகப் பழகியது. குளிர்பானத்தில் பிராந்தியை ஊற்றி, குடிக்காத நண்பனுக்குக் கொடுத்துச் சிரிக்கும் விளையாட்டு நம் ஊர்த் திருவிழாக்களில் நடக்கிறது. அப்படி மாட்டிய பையன் யாரிடமும் சொல்ல மாட்டான், சொன்னாலும் டாஸ்மாக் பக்கம் போனவன் கதை கட்டுகிறான் என்பார்கள். பெரியப்பா நடைமேடையில் கிடந்த கதைதான் அதுவும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்கு, தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் எதிர்வீட்டுப் பெண் அழைத்தாள். தோழியின் பிறந்தநாளுக்கு வெளியே போயிருக்கிறார்கள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா ஒரு சந்தேகம்தான். தலை ஒரு மாதிரி சுத்துது. வீட்ல சொல்லிடாதீங்க."

"எத்தனை மணிக்குக் குடிச்சே?"

"எட்டரை இருக்கும்."

"அதுக்கப்புறம் பாத்ரூம் போனியா?"

சற்று நேரம் பேச்சில்லை. "இல்லக்கா. ஏன்?"

போனைப் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் கொடுக்கச் சொன்னேன். கப் எங்கே என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அண்ணி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார்.